ராத்திரிக்கு மூன்று, வாரத்துக்கு ஒன்று: ரே பிராட்பரியின் வழியில் அறிவியல் புனைகதை எழுத முழுமையான வழிகாட்டி

2001இல் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மேடையில் ரே பிராட்பரி பேசினார். அப்போது அவருக்கு 80 வயது. எழுத்து ஆசையோடு எதிரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் முக்கியமாகச் சொன்னது இரண்டு விஷயம். தினமும் ராத்திரி தூங்கப் போவதற்கு முன் ஒரு சிறுகதை, ஒரு கவிதை, ஒரு கட்டுரை படியுங்கள். ஆயிரம் ராத்திரி இதை விடாமல் செய்யுங்கள். அப்புறம், வாரத்துக்கு ஒரு சிறுகதை எழுதுங்கள். வருடத்துக்கு 52 கதை ஆகிவிடும். வரிசையாக 52 மோசமான கதைகளை எழுத எவராலும் முடியாது.

இதை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கதை எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது, அரைகுறையாக நின்றுபோன நான்கு கதைகளும் இருந்தன. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் நடந்து பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பிராட்பரியிடம் வாசிப்பது, எழுதுவது, அனுப்புவது என்று மூன்று தனித்தனி வேலைகள் கிடையாது. மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள். ஒரு புரியை அவிழ்த்தால் கயிறே பிரிந்துவிடும். நம்மில் பலர் நிறைய வாசிக்கிறோம், கொஞ்சம் எழுதுகிறோம், எங்கேயும் அனுப்புவதில்லை. அதனால் வாசித்ததும் கதையாக மாறாமல் அப்படியே தங்கிப்போகிறது.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1920 ஆகஸ்ட் 22இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாக்கீகன் என்ற ஊரில் பிறந்தார். 1934இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் வந்தது. 1938இல் பள்ளி முடித்தார். கல்லூரிக்குப் போகப் பணம் இல்லை, தெருமுனையில் நின்று செய்தித்தாள் விற்றார். 'தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்', 'ஃபாரன்ஹீட் 451' போன்ற புத்தகங்களும் நூற்றுக்கணக்கான சிறுகதைகளும் எழுதி, 2012இல் 91 வயதில் மறைந்தார். அந்த வருடம் செவ்வாயில் கியூரியாசிட்டி வண்டி இறங்கிய இடத்துக்கு நாசா அவர் பெயரையே வைத்தது.

இனி படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ராத்திரிக்கு மூன்று

இந்த மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிறுகதை, ஒரு கதை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கைக்குப் பழக்கும். கவிதை, நாம் அன்றாடம் பயன்படுத்தாத தசைகளை அசைத்துவிடும். இப்படித்தான் பிராட்பரி சொல்வார். கட்டுரைதான் கதைக்கு மூலப்பொருள்.

கட்டுரை விஷயத்தில் அவர் மிகத் தாராளமானவர். தொல்லியல், விலங்கியல், உயிரியல், தத்துவம், அரசியல் என்று எந்தத் துறையானாலும் சரி என்றார். லோரன் ஐஸ்லி என்ற மானுடவியலாளரின் கட்டுரைகளை எல்லோருக்கும் சிபாரிசு செய்தார். சிறுகதையிலும் அப்படியே. அவர் படிக்கச் சொன்ன பெயர்களில் மாப்பசானும் ஈடித் வார்ட்டனும் ஜான் சீவரும் இருக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்காரர்கள் அதில் குறைவு. இது தற்செயல் இல்லை. அறிவியல் புனைகதையை மட்டுமே படிப்பவரின் கதையில் ஏற்கெனவே எழுதப்பட்ட விண்கலங்களே திரும்பத் திரும்ப வந்து இறங்கும். இதை எழுதும்போது என் பழைய கதைகள் நான்கும் கண்முன் வருகின்றன. நான்கிலும் அப்படிப்பட்ட ஒரு விண்கலம் உண்டு.

நடைமுறையில் இதற்கு நாற்பது நிமிடம் போதும். ஆனால் புத்தகத்தைத் தேடுவது ராத்திரி வேலையாக இருக்கக் கூடாது. அலமாரி முன்னால் நின்று எதைப் படிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் கை தானாகப் போனுக்குப் போய்விடும். காலையிலேயே மூன்றையும் எடுத்து, அந்தந்தப் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டைச் செருகித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கவிதைக்கு நான் குறுந்தொகையை எடுத்துக்கொண்டேன். 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டடி. ராத்திரிக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். உரையோடு படியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் மூலத்தை வாய்விட்டு ஒருமுறை, அப்புறம் உரை, அப்புறம் மறுபடி மூலம்.

பிடித்ததைப் படிக்க வெட்கப்படாதீர்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1929இல் பக் ரோஜர்ஸ் படக்கதை செய்தித்தாளில் வரத் தொடங்கியது. ஒன்பது வயதுப் பையன் அதைத் தினமும் வெட்டிச் சேர்த்தான். வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்கள், அவமானம் தாங்காமல் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டான். ஒரு மாதத்துக்குள் அழுகை வந்தது. கிழித்தது படக்கதையை இல்லை, தன்னையே கிழித்துவிட்டோம் என்று தோன்றிவிட்டது. மறுபடி முதலிலிருந்து சேர்த்தான். அதன்பிறகு தனக்குப் பிடித்ததை யார் கேலி செய்தாலும் காதில் வாங்கியதே இல்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

படி 2: நூலகத்தில் குறிக்கோள் இல்லாமல் நடப்பது

கல்லூரிக்குப் போகாத பிராட்பரி வாரத்துக்கு மூன்று நாள் பொது நூலகத்துக்குப் போனார். இது பத்து வருடம் நடந்தது. 28 வயதில் நூலகத்தில் பட்டம் வாங்கிவிட்டேன் என்பார்.

நாமும் மாதத்துக்கு இரண்டு முறையாவது நூலகத்துக்குப் போய், வழக்கமாகப் போகாத அடுக்குக்குப் போக வேண்டும். கதைப் பிரிவுக்குப் போகக் கூடாது என்பதே ஒரே விதி. வேளாண்மை, சட்டம், நெசவு, கால்நடை மருத்துவம் எதுவும் சரிதான். எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் வேளாண்மை அடுக்கில் நீர்ப்பாசனம் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. அட்டை போய், தைத்த நூல் வெளியே தெரிந்தது. அதில் கிணற்றைப் பற்றி ஒரு அத்தியாயம். பாறை தட்டினால் என்ன செய்வது, சுற்றுச்சுவரை எப்போது கட்டுவது என்று நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். அந்த இருபது பக்கம் எனக்குப் பின்னால் என்ன கொடுத்தது என்பதை நான்காவது படியில் சொல்கிறேன்.

படி 3: கவிதையிலிருந்து தலைப்பு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பிராட்பரியின் தலைப்புகளை வரிசையாகப் பாருங்கள். 'தி கோல்டன் ஆப்பிள்ஸ் ஆஃப் தி சன்' யேட்ஸின் கவிதையிலிருந்து வந்தது. 'சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்' ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துச் சூனியக்காரி பேசும் வரி. 'ஐ சிங் தி பாடி எலெக்ட்ரிக்' வால்ட் விட்மனுடையது. செவ்வாயில் ஓர் இனமே அழிந்துபோனதைக் கண்டு ஒரு வீரன் மனம் உடைகிற கதைக்கு பைரன் கவிதையின் ஒரு வரி தலைப்பானது. ராத்திரி படித்த கவிதை பகலில் கதைக்கு வாசல் திறந்திருக்கிறது.

இதே மாதிரி இன்னொன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். சாரா டீஸ்டேல் என்ற அமெரிக்கக் கவிஞர் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918இல் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை எழுதினார். மழை வரும், பறவைகள் பாடும், போர் முடிந்ததா என்று மரத்துக்கோ பறவைக்கோ தெரியாது, மனித இனமே அழிந்துபோனாலும் வசந்தம் வந்தால் அது கவனிக்காது என்பது அதன் சாரம். அணுகுண்டு விழுந்த பிறகு, 1950இல், பிராட்பரி அந்தக் கவிதையின் தலைப்பையே தன் கதைக்கு வைத்தார். கதையில் ஒரு தானியங்கி வீடு. காலையில் நேரம் சொல்கிறது, ரொட்டி சுடுகிறது, தரையைப் பெருக்குகிறது. வீட்டு ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை; அணுகுண்டின் வெளிச்சத்தில் அவர்களின் நிழல்கள் வெளிச்சுவரில் பதிந்து நிற்கின்றன. ராத்திரியானதும் வீடு, இறந்துபோன அம்மாவுக்குப் பிடித்த கவிதையை வாய்விட்டுப் படிக்கிறது. அந்தக் கவிதைதான் டீஸ்டேலின் கவிதை. 'தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்' புத்தகத்தில் இந்தக் கதை நடப்பதாக அவர் போட்ட மாதம் 2026 ஆகஸ்ட்.

பன்னிரண்டு வரிக் கவிதையை வைத்து அவர் செய்தது இவ்வளவுதான்: கவிதை சொல்லும் உண்மையை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு ஒரு காலை, ஒரு மத்தியானம், ஒரு ராத்திரி கொடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ராத்திரி படித்த கவிதையில் எந்த இரண்டு மூன்று சொற்கள் மனதில் ஒட்டிக்கொள்கின்றனவோ அவற்றை மட்டும் எழுதுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் வரிசையாகப் படித்தால் சில சொற்கள் தலைப்பு போலத் தனியாக நிற்கும்.

என் நோட்டில் அப்படி நின்ற முதல் தலைப்பு புறநானூற்றின் 30ஆம் பாட்டிலிருந்து வந்தது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. சூரியன் போகும் பாதை, அந்த ஓட்டத்தின் வேகம், காற்று திரியும் திசை, எந்தத் தாங்கலும் இல்லாமல் வெறுமையாக நிற்கும் ஆகாயம், இவற்றையெல்லாம் நேரில் போய் அளந்தவர்களைப் போல இவ்வளவு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார் புலவர். 'வறிது நிலைஇய காயம்' என்ற மூன்று சொல்லை எழுதி வைத்தேன். 'சென்றளந்து அறிந்தோர்' என்பதையும் எழுதி வைத்தேன். போய் அளந்தவர்கள்! ஈராயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஒரு பாட்டில் விண்வெளிப் பயணிக்குப் பெயர் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு களஞ்சியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தலைப்பை வேறெங்கும் தேட வேண்டாம்.

படி 4: பெயர்ச்சொல் பட்டியல்

பிராட்பரி பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் எழுதினார். முதல் பத்து வருடம் எழுதியதெல்லாம் தான் படித்தவர்களின் நகல் என்று அவரே சொல்கிறார். 22 வயதில் ஒரு மத்தியானம் அது மாறியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்து அவர் தாளில் வெறும் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதி வந்தார். ஏரி. ராத்திரி. சில்வண்டு. பள்ளத்தாக்கு. பரண். ஏன் இந்தச் சொல் வந்தது என்று கேட்பதில்லை, வரிசையாக எழுதுவதோடு சரி. அன்று 'ஏரி' என்ற சொல்லை எடுத்து வெயிலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். சின்ன வயதில் தன்னோடு இருந்த ஒரு சிறுமி ஏரியில் நீந்திப் போய்த் திரும்பி வராத நினைவு மேலே வந்தது. இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. தான் எழுதிய முதல் நல்ல கதை அதுதான் என்று பின்னால் எழுதினார். 1944இல் அது 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வந்தது.

முறை இதுதான். பத்து நிமிடம் கடிகாரம் வைத்துக்கொண்டு, கையால் தொடக்கூடிய பொருளின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். அன்பு, தனிமை, எதிர்காலம் போன்ற சொற்கள் வேண்டாம். ரோபோ, விண்கலம், கருந்துளை இவையும் வேண்டாம். அவை தானாக வரும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் இருந்த பொருள்களை எழுதுங்கள். என்னுடைய ஒரு பட்டியலை அப்படியே தருகிறேன்:

ரேஷன் அட்டை. மண்ணெண்ணெய் அடுப்பு. பாதாளக் கரண்டி. தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. மொட்டைமாடித் தொட்டி. ஊதுகுழல். ஆட்டுக்கல் குழவி.

பாதாளக் கரண்டி தெரியாதவர்களுக்கு: கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் எடுப்பதற்கான இரும்புக் கருவி. ஒரு வளையத்தைச் சுற்றிக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீருக்கடியில் துழாவ வேண்டும். எங்கள் தெருவில் அது என் பாட்டியிடம் மட்டும்தான் இருந்தது. யார் கேட்டாலும் கொடுப்பாள், ஆனால் ஒரு பித்தளைச் சொம்பையோ தட்டையோ ஈடு வாங்கிக்கொள்வாள். "கொடுத்தா வரணும்ல?" என்பாள். கரண்டியே கிணற்றுக்குள் போய்விட்டால் அதை எடுக்க வேறு கரண்டி ஏது?

இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நூலகத்தில் நின்றபடி படித்த கிணற்றுப் புத்தகம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படித்த கட்டுரை. பூமியைச் சுற்றித் திரியும் உடைந்த செயற்கைக்கோள் துண்டுகளைப் பற்றியது அது. கீழ்ச் சுற்றுப்பாதையில் அவை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கின்றன. அப்புறம் நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சுற்றுப்பாதையில் குப்பை அள்ளும் ஒரு பெண், அவள் கையில் கொக்கிகள் கொண்ட ஒரு கருவி. அதை இரவல் கேட்டு வருகிற வேறொரு நாட்டுக் கலம். அவள் ஈடாக எதைக் கேட்பாள்? கதை அந்தக் கேள்வியிலேயே நடந்து முடிந்தது. மூன்று ராத்திரியில் எழுதினேன். எனக்கு அச்சில் வந்த முதல் கதை அது.

அறிவியல் புனைகதைக்கு அறிவியல் வேண்டும், சந்தேகமில்லை. அந்த ஏழு கிலோமீட்டரை நான் மூன்று இடத்தில் சரிபார்த்தேன். ஆனால் கதைக்கு உயிர் கொடுத்தது பாட்டி வாங்கிய சொம்புதான்.

படி 5: வாரத்துக்கு ஒரு கதை

பிராட்பரி தன் இளமையில் வைத்திருந்த அட்டவணை இது. திங்கட்கிழமை முதல் வரைவு. செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் ஒரு திருத்திய வரைவு. சனிக்கிழமை மத்தியானம் ஆறாவது வரைவு தபாலில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அடுத்த கதையை நினைத்துக்கொண்டு சும்மா இருப்பது.

வேலைக்குப் போகிறவரால் இது அப்படியே முடியாது, என்னாலும் முடியவில்லை. நான் இரண்டு வாரத்துக்கு ஒரு கதை என்று மாற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் போலவே இருங்கள்: முதல் வரைவை ஒரே உட்காரலில், நிறுத்தாமல், பின்னால் போய்த் திருத்தாமல் எழுதி முடியுங்கள். அறிவியல் விவரம் தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அந்த நேரத்தில் இணையத்தில் தேடப் போனால் அன்றைய எழுத்து அத்தோடு சரி.

படி 6: நேரத்துக்கு விலை வையுங்கள்

வீட்டு கராஜில் எழுதினால் குழந்தை வந்து விளையாடக் கூப்பிடும். தனி அலுவலகம் எடுக்கப் பணம் இல்லை. அப்போது லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பவல் நூலக நிலவறையில் தட்டச்சு அறை ஒன்று இருப்பதை பிராட்பரி கண்டுபிடித்தார். வரிசையாகப் பழைய தட்டச்சு இயந்திரங்கள், பத்து சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் ஓடும். காசு தீர்ந்தால் நின்றுவிடும். ஒன்பது நாளில் 9 டாலர் 80 சென்ட் செலவழித்து 25,000 சொல் கொண்ட ஒரு குறுநாவலை முடித்தார். கணக்குப் போட்டால் 49 மணி நேரம். இடையிடையே படியேறிப் போய்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நடந்து, கைக்கு வந்ததைத் திறந்து ஒரு வரி பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கி ஓடுவார். அது 1951 பிப்ரவரியில் 'கேலக்ஸி' பத்திரிகையில் வந்தது. பின்னர் இரண்டு மடங்காக வளர்த்து 1953இல் வந்ததுதான் 'ஃபாரன்ஹீட் 451'. புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றிய கதை, தலைக்கு மேலே ஒரு நூலகம் முழுக்கப் புத்தகங்கள் இருக்கக் கீழே உட்கார்ந்து எழுதப்பட்டது.

அரை மணி நேரத்துக்கு ஒரு காசு என்பதை நீங்களும் செய்யலாம். உண்டியல் ஒன்று வைத்து, எழுத உட்காரும்போது பத்து ரூபாய் நாணயம் போட்டு, அரை மணிக்கு அலாரம் வையுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்குங்கள்.

படி 7: கூட நாலு பேர்

தனியாகவே இருந்து யாரும் வளர்வதில்லை. பள்ளியில் படிக்கும்போதே, 1937இல், பிராட்பரி லாஸ் ஏஞ்சலஸ் அறிவியல் புனைகதை ஆர்வலர் குழுவில் சேர்ந்தார். அங்கே பழகிய லீ பிராக்கெட் என்ற எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் சான்டா மோனிகா கடற்கரையில் அவர் கதைகளைப் படித்துக் குறை சொல்லிக்கொடுத்தார். அதே குழு வட்டத்தில் பழகிய ஹென்றி கட்னர் ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ'வைப் படிக்கச் சொன்னார். அந்த ஒரு சிபாரிசு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது ஒன்பதாவது படியில் வருகிறது.

உங்களுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கதை படிப்பவர், இன்னொருவர் நீங்கள் எழுதும் துறை தெரிந்தவர். என் விண்வெளிக் கதையைப் படித்துச் சுற்றுப்பாதை பற்றிய இரண்டு தவறுகளைப் பிடித்தது பள்ளியில் இயற்பியல் நடத்தும் என் சித்தி மகள்.

படி 8: அனுப்புவது

பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கியவருக்கு எழுத்துக்கான முதல் கூலி 21 வயதில் கிடைத்தது. 1941 நவம்பரில் 'சூப்பர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' பத்திரிகையில் ஹென்றி ஹாசே என்பவரோடு சேர்ந்து எழுதிய கதைக்கு 27 டாலர் 50 சென்ட். அதில் பாதி, 13 டாலர் 75 சென்ட், அவர் பங்கு.

திரும்பி வந்த கதையை என்ன செய்வது என்பதற்கு அவருடைய 'ஹோம்கமிங்' கதைதான் எனக்குப் பாடம். பேய்க் குடும்பம் ஒன்று ஒன்றுகூடுகிறது, அதில் சாதாரணமாகப் பிறந்துவிட்ட ஒரு பையனின் ஏக்கம் என்று போகும் கதை. வழக்கமாக அவர் கதைகளை வாங்கிய 'வியர்ட் டேல்ஸ்' இதை வேண்டாம் என்றது. அவர் அதை இன்னொரு பேய்க்கதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. 'மாடமொய்செல்' என்ற பெண்கள் பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கே உதவியாளராக இருந்த ட்ரூமன் கபோட்டி என்ற இளைஞர் குவியலிலிருந்து அதை எடுத்தார். கதையைப் பத்திரிகைக்கு ஏற்ப மாற்றலாமா என்று பேசிய ஆசிரியர்கள், கடைசியில் கதைக்கு ஏற்ப 1946 அக்டோபர் இதழையே மாற்றினார்கள். அடுத்த வருடம் அது ஓ. ஹென்றி பரிசுத் தொகுப்பில் இடம்பெற்றது. ஆகவே ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவை மட்டும் தட்டாதீர்கள், தெருவையே மாற்றிப் பாருங்கள். அறிவியல் கதைகளுக்குத் தமிழில் தனி இதழ் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வார இதழ், இலக்கிய இதழ், சிறுவர் இதழ், தீபாவளி மலர் எல்லாமே வாசல்கள்தான்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை: யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். அந்த இதழின் கடைசி மூன்று பிரதிகளையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். கதை எத்தனை சொல் என்பதைக் குறிப்பிடுங்கள். "இது என் சொந்தப் படைப்பு, வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை" என்ற உறுதிமொழியைச் சேருங்கள். கதையை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதாதீர்கள், மூன்று வரி போதும்.

அந்த உறுதிமொழியை எழுதிவிட்டு நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு கதையை ஓர் இதழுக்கு அனுப்பி ஐந்து மாதம் பதில் இல்லை. எடுத்துக்கொள்வதாக இல்லை என்று நானே நினைத்து, அவர்களுக்குத் தகவல் சொல்லாமல் வேறொரு இதழுக்கு அனுப்பினேன். ஒரே மாதத்தில் இரண்டிலும் வந்துவிட்டது. இரண்டாவது இதழின் ஆசிரியர் தொலைபேசியில் வருத்தப்பட்டார், அவர் வருத்தம் நியாயமானது. அன்றிலிருந்து ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். கதை, அனுப்பிய தேதி, இதழ், பதில் என்று நான்கு பத்தி. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். அந்தத் தேதியையும் எழுதிய பிறகே அடுத்த இடம்.

படி 9: சிறுகதைகளிலிருந்து புத்தகம்

1949 கோடையில் பிராட்பரி நான்கு நாள் பேருந்தில் பயணம் செய்து நியூயார்க் போனார். விடுதியில் தங்கிப் பதிப்பகம் பதிப்பகமாகச் சிறுகதைகளைக் காட்டினார். எல்லோரும் கேட்டது நாவல். ஊரில் மனைவி கர்ப்பமாக இருந்தார், கையில் பணம் இல்லை. டபுள்டே பதிப்பகத்தின் ஆசிரியர் வால்டர் பிராட்பரி (பெயர்தான் ஒன்று, உறவு இல்லை) ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், நீங்கள் செவ்வாயைப் பற்றி எழுதிய கதைகளைக் கோத்தாலே ஒரு புத்தகம் இருக்கிறதே என்றார். பிராட்பரி விடுதிக்குப் போய் விடிய விடிய ஒரு திட்டம் தட்டச்சு செய்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் புத்தகத்துக்கு 750 டாலர் முன்பணம். உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒருவனை வைத்துக் கோத்த இன்னொரு தொகுப்புக்கு மேலும் 750.

ஒரு ராத்திரியில் நடந்தது போலத் தெரியும். ஆனால் கட்னர் சொல்லி, சிற்றூர் மனிதர்களின் கதைகளைக் கோத்த ஆண்டர்சனின் புத்தகத்தை அவர் படித்தது 24 வயதில். இதையே செவ்வாயில் வைத்து எழுதினால் என்ன என்று அப்போதே குறித்து வைத்து மறந்துபோயிருந்தார். அதற்கும் முன்னால், 19 வயதில், ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படித்திருந்தார். அதில் கதை அத்தியாயங்களுக்கு நடுவே நிலத்தையும் மக்களையும் பொதுவாகப் பேசும் சிறு அத்தியாயங்கள் வரும். 1950இல் வந்த 'தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்' புத்தகத்தில் கதைகளை இணைப்பதும் அதே மாதிரிச் சிறு பாலங்கள்தான். பல வருடம் முன்னால் ராத்திரியில் படித்தது ஒரு விடுதி அறையில் கைகொடுத்தது.

உங்களிடம் பதினைந்து கதை சேர்ந்ததும் எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒரே இடம், ஒரே குடும்பம், ஒரே பொருள் எந்தெந்தக் கதையில் திரும்ப வருகிறது என்று பாருங்கள். இணைகிறவற்றை மட்டும் எடுத்து, நடுவில் அரைப் பக்கப் பாலங்களை எழுதுங்கள். இணையாத கதை எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் இந்தப் புத்தகத்தில் வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கும். டிசம்பரில் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்கும் புரட்டிப் பார்க்க நேரம் இருக்காது. ஆடி மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ராயல்டி எத்தனை சதவீதம், எத்தனை பிரதி, மின்னூல் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

புத்தகம் வந்ததும் சும்மா இருக்கவும் கூடாது. சான்டா மோனிகாவில் ஒரு புத்தகக் கடையில் கிறிஸ்டோபர் இஷர்வுட் என்ற பெரிய எழுத்தாளரைத் தற்செயலாகப் பார்த்த பிராட்பரி, கூச்சத்தோடு ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இஷர்வுட் படித்துவிட்டு எழுதிய மதிப்புரைதான், அதுவரை அவரைத் திரும்பிப் பார்க்காத இலக்கிய வாசகர்களை அவர் பக்கம் திருப்பியது.

படி 10: உரிமையைக் கேட்டு வாங்குவது, அச்சானதைப் படிப்பது

1952இல் ஈ.சி. காமிக்ஸ் என்ற படக்கதை நிறுவனம் அவருடைய இரண்டு கதைகளை ஒன்றாகச் சேர்த்து அனுமதி இல்லாமல் வெளியிட்டது. பிராட்பரி வழக்குப் போடவில்லை, திட்டவும் இல்லை. என் கதைகளைப் பயன்படுத்தியதற்கான 50 டாலர் காசோலை இன்னும் வந்து சேரவில்லை, வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். பணம் வந்தது. அதன்பிறகு அதே நிறுவனம் முறையாக அனுமதி வாங்கி, அட்டையில் அவர் பெயரைப் போட்டு மேலும் பல கதைகளை வெளியிட்டது. உங்கள் கதையை யாராவது கேட்காமல் யூடியூபில் வாசித்துப் போட்டால் இந்த மாதிரி ஒரு கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. 1967இல் பள்ளி மாணவர்களுக்காக வந்த 'ஃபாரன்ஹீட் 451' பதிப்பில் பதிப்பகமே எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சொற்களை வெட்டியும் மாற்றியும் இருந்தது. ஆசிரியருக்குத் தெரியாது. சில வருடங்கள் கடைகளில் வெட்டிய பதிப்பு மட்டுமே விற்றது. 1979 வாக்கில் மாணவர்கள் எழுதிச் சொல்லித்தான் அவருக்கே தெரியவந்தது, மூலப் பிரதி மறுபடி அச்சுக்கு வந்தது. புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.